சொந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். வந்தவர்கள் ஒன்பது பேர். வராத மூன்று பேரும் முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: ‘மெயின்டனன்ஸை ஏத்தறதா இருந்தா எங்க சம்மதம் கிடையாது.’

எங்கள் செக்ரட்டரி ரிட்டயர் ஆன மனிதர். இந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. பிளட் பிரஷர்தான் போனஸ். கையில் நீள நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எழுந்தார். “மாசம் 2,500 ரூபாய் பத்தலை. 3,500 ஆக்கணும். அது தவிர, வீட்டுக்கு 40,000 ரூபாய் ஒரே தடவை தரணும்” என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

“மோட்டாருக்குக் காயில் கட்ட 7,500 ரூபாயா? எங்க ஊர்ல மூவாயிரத்துல முடிச்சிருப்பேன்!” என்றார் ஒருவர். “நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்லை, நான் எதுக்கு லிஃப்டுக்குக் குடுக்கணும்?” என்றார் கீழ் வீட்டுக்காரர். “நான் வாடகைக்கு விட்டிருக்கேன், குடியிருக்கறவங்ககிட்ட கேளுங்க” என்றார் இன்னொருவர். இதில் ரொம்பவும் கோபமாகப் பேசியவர், இரண்டு மாதம் முன்னால்தான் 14 லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினார். அந்தக் காரில் சாய்ந்துகொண்டுதான் பேசினார். காருக்கு வருஷா வருஷம் சர்வீஸ் விட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

அந்த 40,000 ரூபாய் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

2018-ல் இரண்டாவது மாடி பாத்ரூம் பக்கச் சுவரில் ஈரம் தெரிந்தது. பிளம்பரும் கொத்தனாரும் வந்து பார்த்தார்கள். உள்ளே போகிற குழாயில் ஜாயின்ட் விட்டிருக்கிறது, உடைத்து மாற்றிப் பூசிவிடலாம், 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு 1,500 ரூபாய். கூட்டம் போட்டோம். ‘அவர் பாத்ரூம், அவர் செலவு’ என்றது ஒரு கட்சி. ‘குழாய் பொதுக் குழாய், எல்லாரும் போடுங்கள்’ என்றார் இரண்டாவது மாடிக்காரர். ஒரு மணி நேரம் கத்திய பிறகு, ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அந்த மாதம் எனக்கு வீட்டுக் கடன் தவணை, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் இரண்டும் ஒன்றாக வந்திருந்தன. 1,500 ரூபாய் மிச்சமானதில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

தண்ணீர் தூங்கவில்லை. அது கூட்டத் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை. காங்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் தொட்டது. இரும்பு துருப்பிடித்தால் பருத்துக்கொள்ளும். பழைய கம்பியைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அந்தப் பருமன் மேலே மூடியிருக்கிற காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் மயிரிழை விரிசல். அதன் வழியே இன்னும் தண்ணீர், இன்னும் துரு. பிறகு ஒரு நாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். எங்கள் பின்பக்கத்து சன்ஷேடு இந்த வருஷம் ஒரு விடியற்காலையில் அப்படித்தான் விழுந்தது.

விழுந்த இடம், வாட்ச்மேன் பெரியவரின் கட்டில். ஐந்து நிமிஷம் முன்னால்தான் மோட்டார் போட எழுந்து போயிருந்தார்.

இப்போது பின்பக்கம் முழுக்க சன்ஷேடு, பால்கனி, குழாய், மொட்டை மாடித் தளம் எல்லாம் சரிசெய்ய மதிப்பீடு 4,80,000 ரூபாய். வீட்டுக்கு 40,000. அன்றைக்கு நாங்கள் மிச்சப்படுத்திய 1,500-க்கு இதுதான் வட்டி.

‘வாடகை கட்டுற காசுல இ.எம்.ஐ. கட்டினா வீடு சொந்தமாயிடுமே!’ என்று இந்த ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்? புரமோட்டர் சொன்னார். பேங்க்கில் சொன்னார்கள். மாமனார் சொன்னார். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் சொன்னார்கள், 2007-ல். வீடு வாங்குவது பற்றி நம் ஊரில் சொல்லப்படுகிற பொய்களில் இதுதான் மிகப் பெரியது என்பேன். சொன்னவர்கள் எல்லோரும் அதை நம்பியே சொன்னார்கள் என்பதால் அது உண்மையாகிவிடாது.

வாடகை என்பது வீட்டுச் செலவின் முழுத் தொகை. இ.எம்.ஐ. என்பது வீட்டை வாங்கிய கடனின் தவணை. இரண்டும் வேறு வேறு சங்கதி. நான் 14 வருஷம் வாடகை வீட்டில் இருந்தவன். குழாய் ஒழுகினால் ஹவுஸ் ஓனருக்குப் போன் போடுவேன். வீட்டு வரி எத்தனை என்று எனக்குத் தெரியாது. மோட்டார் எரிந்தால் அவர் பாடு. மாடியில் தண்ணீர் இறங்கினால் அவர் பாடு. ‘இந்த ஆள் பெயிண்ட் கூட அடிச்சுத் தர மாட்டேங்கிறான்’ என்று வேறு திட்டுவேன். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் குழாய் ஒழுகியது. கை தன்னால் போனுக்குப் போனது. யாருக்குப் போடுவது? அந்த ஹவுஸ் ஓனர் இப்போது நான்தான்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றார்கள் பெரியவர்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள். கட்டிய வீட்டை இருபது வருஷம் நிறுத்தி வைத்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சொல்ல அவசியமும் இருந்திருக்காது. ஓட்டு வீட்டில் வருஷா வருஷம் ஓடு மாற்றுவார்கள், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வீட்டுக்கு வருஷச் செலவு உண்டு என்பது காலண்டரிலேயே இருந்தது. போகி என்றால் வீட்டுக்குச் செலவு செய்கிற நாள். காங்கிரீட் வந்த பிறகுதான், கட்டிவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் நமக்கு வந்தது.

சரி, ஒரு பேப்பர் எடுங்கள். என் வீட்டுக் கணக்கையே போடுகிறேன். ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவான வீடு. மெயின்டனன்ஸ் 2,500. வீட்டு வரியும் தண்ணீர் வரியும் சேர்த்து அரையாண்டுக்கு 4,200. அதாவது மாதம் 700. கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்க ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என் பங்கு 50,000, மாதத்துக்கு 833. உள்ளே பெயிண்ட் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை 60,000, அதுவும் 833. இன்வர்ட்டர் பேட்டரியை மாதமாக்கினால் 300. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினுக்கு ஃபில்டர் 400. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் வந்து போகிற வகையில் சராசரி 500. கூட்டிப் பாருங்கள். 6,066 ரூபாய் வரும். கரன்ட் பில் இதில் இல்லை. இ.எம்.ஐ.யும் இல்லை. இதுதான் என் சொந்த வீட்டுக்கு நான் கொடுக்கிற வாடகை. இந்த 6,066-ல் மாதா மாதம் என் கண்ணில் படுவது 2,500 மட்டும்தான். மிச்சம் எல்லாம் ‘திடீர்ச் செலவு’ என்ற பெயரில் வரும்.

அந்தப் பெயரைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். பெயிண்ட் திடீரென்றா வெளுக்கிறது? லிஃப்ட் கயிறு திடீரென்றா தேய்கிறது? பேட்டரி என்ன, அகால மரணமா அடைகிறது? வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த செலவுகள் இவை. தேதி மட்டும்தான் தெரியாது. பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் பிறந்த அன்றைக்கே சீட்டுப் போடுகிற ஜனங்கள் நாம். மொட்டை மாடிக்கு மட்டும் ஏன் போட மாட்டோம்?

பேங்க்கில் கடன் கேட்கப் போகிறீர்கள். சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள். வேறு கடன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வளவு தவணை தாங்குவீர்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்த 6,066-ஐ என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கடன் தொகை குறையும். கடன் குறைந்தால் வீடு சின்னதாகும். இதில் யாருக்கு லாபம், யார் கேட்பார்கள்?

அந்தத் தவணையாவது நிலையானதா என்றால் அதுவும் கிடையாது. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவீதம் ஆனது. 30 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 7 சதவீதம் என்றால் தவணை 23,259 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்தில் 27,964 ரூபாய். தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிக்கொள்ளலாம் என்பார்கள். கடன் பாக்கி 29 லட்சம் இருக்கிறபோது 9.5 சதவீத வட்டி மட்டுமே மாதத்துக்கு 22,958 ரூபாய். நீங்கள் கட்டுகிற 23,259-ல் அசலில் கழிவது 301 ரூபாய்! இந்த வேகத்தில் போனால் பேரன்தான் பத்திரத்தைத் திருப்ப வேண்டும். 2025-ல் ரெப்போவைக் குறைத்தார்கள் என்பது உண்மை. இறங்கியது மறுபடி ஏறாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வரியும் அப்படித்தான். சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 1998-ல் போட்ட சொத்து வரி ரொம்ப காலம் அசையாமல் இருந்தது. எல்லோரும் அதையே நிரந்தரம் என்று நினைத்துவிட்டோம். 2022-ல் ஒரே அடியாக ஏறியது. 601 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 75 சதவீதம். 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம். (ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்ச வரம்பு 5,000 ரூபாய். எங்கள் பன்னிரண்டு வீட்டில் இதைப் பெறுகிறவர்கள் மூன்றே பேர்.) அதே 2022 செப்டம்பரில் அபார்ட்மென்ட்டின் பொது மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. 2023-ல் அதைச் சின்ன அபார்ட்மென்ட்டுகளுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள்: பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால். எங்களுக்குப் பன்னிரண்டு வீடு. லிஃப்டும் இருக்கிறது. ‘பெருமையா லிஃப்ட் வேணும்னு கேட்டோமே’ என்று செக்ரட்டரி அன்றைக்குப் புலம்பினார்.

வீட்டு விலை ஏறுகிறதே, அதில் எல்லாம் ஈடாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஏறுவது நிலத்தின் விலை. உங்கள் ஃபிளாட்டில் உங்களுக்கு இருக்கிற நிலம், பத்திரத்தில் எழுதியிருக்கிற பிரிக்கப்படாத பங்கு மட்டும். அதன் மேல் நிற்கிற கட்டடத்துக்கு வயதாகிறது. மனிதனுக்கு ஆகிற மாதிரியே ஆகிறது. நிலத்துக்கு வைத்தியம் வேண்டாம், கட்டடத்துக்கு வேண்டும். விற்கிற காலத்தில் வரப்போகிற லாபத்தை வைத்து இன்றைக்கு சன்ஷேடுக்குக் கம்பி வாங்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கார் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் போனது, மோட்டார் போனது, மீட்டர் போர்டு போனது. அங்கே நின்ற கார் ஒவ்வொன்றுக்கும் இன்ஷூரன்ஸ் இருந்தது. கட்டடத்துக்கு இல்லை! சட்டம் கேட்பதால் காருக்குப் போடுகிறோம், யாரும் கேட்காததால் வீட்டுக்குப் போடுவதில்லை. 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ என்று வீட்டுக்கு ஒரே மாதிரியான பாலிசி கிடைக்கிறது. எங்கள் வீடுகளில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று அன்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். நான் போன வருஷம்தான் எடுத்தேன், அதனால் ரொம்பப் பேசவில்லை.

இவ்வளவு நேரம் உங்கள் பணத்தைப் பற்றிப் பேசினேன். உங்கள் பணம், உங்கள் கஷ்டம், அதில் தலையிட எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் விஷயம் அதோடு நின்றால் நான் இந்தப் பக்கத்தை இதற்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

ஒதுக்கி வைக்காத செலவு காணாமல் போய்விடுவதில்லை. வேறு யாராவது கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கொடுக்க வக்கில்லாதவர்கள்.

எங்கள் கூட்டத்துக்கே வாருங்கள். மாத வரவு 30,000. வாட்ச்மேனுக்கு 10,000. பெருக்கித் துடைக்கிற அவர் மனைவிக்கு 3,500. பொது கரன்ட் 5,000. லிஃப்ட் கம்பெனிக்கு 3,500. எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, கழிவுநீர் லாரிக்கு 3,000. பல்பு, பினாயில், சில்லறை ரிப்பேர் 2,000. ஆக 27,000. மிச்சம் 3,000. கோடையில் தண்ணீர் லாரி வாங்கினால் அதுவும் காலி. எங்கே குறைக்கலாம் என்று கேட்டார் செக்ரட்டரி. லிஃப்ட் கம்பெனி குறைக்காது. மின்வாரியம் குறைக்காது. உடனே ஒன்பது பேர் கண்ணும் எங்கே போனது தெரியுமா? கேட் பக்கம். அங்கே ஸ்டூலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவது அத்தனையும் அவருக்குக் கேட்கும் தூரம்.

“வாட்ச்மேனை நிறுத்திட்டு நாலு கேமரா போட்டுடலாம் சார், ஒரே தடவை செலவு.” கேமரா மோட்டார் போடுமா? கூரியர் வாங்குமா? உங்கள் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது தூக்கி ஆட்டோவில் ஏற்றியது எந்தக் கேமரா? அவர் வாங்குகிற 10,000 ரூபாய், ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு, மாதம் முப்பது நாளுக்கு. மணிக்கு 28 ரூபாய் கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மூன்று வருஷமாக அந்தத் தொகை ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்றால், எங்கள் மெயின்டனன்ஸ் ஏறவில்லை. நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சாமர்த்தியமாக மிச்சப்படுத்தியது அவர் சம்பளத்தைத்தான். எங்கள் கட்டடத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருப்பவர், அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல் கூடச் சொந்தமில்லாத ஒரு மனிதர்.

அதற்கு அடுத்து வந்த யோசனை இன்னும் மோசம். “லாரிக்கு எதுக்கு மாசம் மூவாயிரம்? தொட்டியில மண்ணு சேர்ந்திருக்கு, அதான் சீக்கிரம் நிறையுது. ஒரு ஆளை உள்ள இறக்கி அள்ளச் சொன்னா முடிஞ்சது. ஆயிரம் ரூபா குடுத்தா வருவான்.” சொன்னவர் கெட்டவர் அல்ல. கோயிலுக்கு அன்னதானம் செய்கிறவர். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிச் செத்துப்போகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2014-ல். 2023-ல் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். நாம் இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்கிறோம். யார் இறக்கினார்கள்? இப்படி ஒரு கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து, வீட்டுக்கு 250 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்த நாம்தான்.

மாடுலர் கிச்சனுக்கு நான்கு லட்சம் கொடுத்தோம். கிரகப்பிரவேசத்துக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டோம். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் கலர் கலராக விளக்கு. அதெல்லாம் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும். சம்ப் கழுவுவது தெரியாது, தொட்டி தெரியாது, கம்பி தெரியாது, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளமும் தெரியாது. காட்டிக்கொள்ள முடியாத எதற்கும் நம்மிடம் காசு இல்லை.

உண்மையிலேயே காசு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதல் மாடியில் ஒரு அம்மா, கணவர் போய்விட்டார், குடும்ப பென்ஷனில் காலம் தள்ளுகிறார். அவரால் 40,000-ஐ ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது. அன்றைக்கு அவர் மட்டும்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், “ரெண்டு வருஷமா பிரிச்சுத் தரட்டுமா?” என்று கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மாதா மாதம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்கிறேன். 2007-லிருந்து வீட்டுக்கு மாதம் 250 ரூபாய் தனிக் கணக்கில் போட்டிருந்தால், அந்த அம்மாவிடம் இன்றைக்கு யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. எங்களுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. புரமோட்டர் சாவியைக் கொடுத்தார், நாங்கள் வாங்கிக்கொண்டோம். கட்டடத்துக்கென்று ஒரு பாஸ்புக் இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வீடு வாங்கப் போகிறீர்களா? வாங்குங்கள். நான் தடுக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆறு மாதம், இப்போது இருக்கிற வாடகை வீட்டிலிருந்தே ஒத்திகை பாருங்கள். வரப்போகிற தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அதன் மேல் நான் சொன்ன அந்த ஆறாயிரத்தையும் வையுங்கள். ஆறு மாதமும் கை வைக்காமல் இருக்க முடிந்ததா, அந்த வீடு உங்களுடையது. மூன்றாம் மாதமே எடுத்துச் செலவழித்தீர்களா, ஒரு பெட்ரூம் குறைவாகப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடுத்த அசோசியேஷன் கூட்டத்துக்குப் போங்கள். போய், உங்கள் வாட்ச்மேன் என்ன வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் கூட்டம் பன்னிரண்டரைக்கு முடிந்தது. 3,500-க்கு ஐந்து பேர் சம்மதம், நான்கு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுவது என்று முடிவு. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர், நான் படியேறும்போது பக்கத்தில் வந்தார்.

“சார், அதுவரைக்கும் கட்டிலை எங்க போட்டுக்கறது?”